முதலில் பம்பரம்... அப்புறம்தான் பாத்திரம்!

தமிழ்நாட்டில் கொல்லைப்புறம் உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் மூன்று பொருட்கள் நிச்சயம். ஓட்டை வாளி, ஒற்றைச் செருப்பு, ஒரு மரக்கட்டை. முதல் இரண்டும் ஏன் இன்னும் இங்கே கிடக்கின்றன என்று கேட்டால் வீட்டுக்காரர் பேச்சை மாற்றிவிடுவார். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரலில் ஒரு மரியாதை வரும். "நல்ல கட்டை ஸார் அது. நாள்பட்ட மரம். எதுக்காவது ஆகும்!"

அந்த 'எதுக்காவது' மட்டும் வருஷக்கணக்காக வந்தபாடில்லை.

சென்னைப் பக்கத்து வீடுகளில் இப்படிக் கிடக்கும் பல கட்டைகளுக்கு ஒரே ஜாதகம்தான். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் படுத்துவிட்டன. தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கம் என்றால் 2018 நவம்பர் 16, கஜா. விழுந்ததில் பெரும்பகுதி லாரி ஏறிப் போனது. கொஞ்சம் அடுப்புக்குப் போனது. யாரோ சிலர் மட்டும் மனசு வராமல் ஒன்றிரண்டு துண்டுகளை மாடிப்படிக்கு அடியில் உருட்டி வைத்தார்கள். அவை இப்போது எலும்பாகக் காய்ந்து கிடக்கின்றன.

இந்தக் கட்டுரை அந்தச் சிலருக்காக. குறிப்பாக, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக. திங்கள் முதல் வெள்ளி வரை யாரோ ஒருவருடைய கணக்கைக் கம்ப்யூட்டரில் டேலி பண்ணிவிட்டு, சனிக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து, "கையால ஒரு பொருள் செஞ்சு பார்த்தா என்ன?" என்று யோசிக்கிற ரகம் நாம். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டி எடுக்கும் கடைசல் வேலை அதற்குத் தோதானது. மேஜைமேல் வைக்கிற சின்ன லேத்கள் கிடைக்கின்றன. அதற்கு பட்ஜெட் இல்லையென்றால், கட்டில் கால் கடைகிற பட்டறை பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் ஐந்தாவது ஞாயிறு உளி கைக்கு வரும்.

சிக்கல் லேத்தில் இல்லை. "முதல்ல என்ன செய்யறது?" என்பதில் இருக்கிறது. பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில்: "நல்ல பெரிய கிண்ணம் ஒண்ணு!"

வேண்டாம் ஸார். காய்ந்த கட்டையில் கிண்ணம் கடைசி. முதலில் பம்பரம். ஏன் என்று சொல்கிறேன்.

பாற்கடலும் பட்டறையும்

கீரையைக் கடைகிறோம். மோரைக் கடைகிறோம். மரத்தையும் கடைகிறோம். மூன்றுக்கும் ஒரே சொல். கரண்ட் இல்லாத காலத்துப் பட்டறையை மனக்கண்ணில் பார்த்தால் விஷயம் புரியும். ஒருவர் மரத்தில் கயிற்றைச் சுற்றி இப்படியும் அப்படியும் இழுப்பார். மரம் முன்னும் பின்னும் சுழலும். இன்னொருவர் தரையில் உட்கார்ந்து உளி பிடிப்பார். தூணில் மத்தைக் கட்டி, கயிறு போட்டு மோர் கடைந்த பாட்டியின் அதே டெக்னிக்! மந்தர மலையை மத்தாக்கி, வாசுகிப் பாம்பைக் கயிறாக்கிப் பாற்கடலைக் கடைந்தார்களே, புராணத்திலேயே மிகப் பெரிய லேத் அதுதான். அங்கேயும் அமுதத்துக்கு முன்னால் வந்தது ஆலகாலம். முதல் நாள் பயிற்சிக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊர் அம்பாசமுத்திரத்தின் மரச்சொப்பு, கர்நாடகாவின் சன்னபட்டணா பொம்மை, ஆந்திராவில் 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற எட்டிகொப்பாகா பொம்மை... எல்லாமே கடைசல் குடும்பம்தான். இவற்றை ஒரு தடவை வரிசையாக வைத்துப் பாருங்கள். அடுப்பு, அம்மி, குடம், கிலுகிலுப்பை, தலையாட்டிப் பொம்மை. பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். தலைமுறை தலைமுறையாக உளி பிடித்தவர்களே சின்னப் பொருளில் பேர் வாங்கியிருக்கிறார்கள். நாம் மட்டும் முதல் நாளே அண்டா கடையக் கிளம்பினால் எப்படி?

முருங்கையும் ஹார்ட்வுட்தான்!

யூட்யூபில் வெளிநாட்டுக்காரர்கள் 'ஹார்ட்வுட், ஹார்ட்வுட்' என்று சொல்லக் கேட்டு, இரும்பு மாதிரி இருக்கும் போலிருக்கிறது என்று மிரள வேண்டாம். அது தாவரவியல் பெயர். அகன்ற இலை விடுகிற, விதையைப் பழத்துக்குள் ஒளித்துவைக்கிற மரங்களெல்லாம் அந்தக் கணக்கில் ஹார்ட்வுட். பைன், தேவதாரு மாதிரி ஊசியிலை மரங்கள் சாப்ட்வுட். இந்தக் கணக்குப்படி, வேதாளம் ஏறுகிற நம்ம முருங்கையும் ஹார்ட்வுட்! விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் மரத்துக்கு இப்படி ஒரு பட்டம். தென்னையும் பனையும் இரண்டிலும் சேராது. அவை புல்லுக்குச் சொந்தக்காரர்கள்.

ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், கட்டையைப் பாருங்கள். நம் கொல்லைகளில் வழக்கமாகக் கிடக்கிறவை இவை:

வேம்பு, மா: நடுத்தரக் கடினம். கற்றுக்கொள்ள உகந்தவை. உளி போகும் வழியில் போகும்.

பூவரசு: நெருக்கமான ரேகை. நடுவில் வைரம் பாய்ந்த பகுதி சாக்லேட் நிறத்தில் பளபளக்கும்.

பலா: அறுத்தவுடன் மஞ்சள், நாளாக நாளாகப் பழுப்பு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம். கடைய அருமையானது.

புளி, கருவேலம்: கல். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகக் கிடப்பது புளி என்பதே அதன் சர்டிபிகேட். உளியை அடிக்கடி தீட்ட வேண்டும்.

வாகை: பார்க்க அழகு. ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது.

அரளிக்கட்டை கிடந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். மரமே விஷம். சந்தனம், ஈட்டி கிடந்தாலோ உளியைத் தேடுவதற்கு முன்னால் வனத்துறை அனுமதியைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டையின் பாலன்ஸ் ஷீட்

பி.காம். படித்தவன் எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டுவிடுவான். கட்டைக்கும் போடலாம்.

வரவு: மரம் காய்ந்திருக்கிறது. செலவு: காய்ந்ததனாலேயே வெடித்திருக்கிறது.

ஏன் வெடிக்கிறது? மரத்திலிருந்து தண்ணீர் போகும்போது அது சுருங்குகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்றளவு வாக்கில் சுருங்கும். உங்கள் இடுப்பு ஒரு பங்கு இளைத்து, பெல்ட் இரண்டு பங்கு சுருங்கினால் என்ன ஆகும்? பெல்ட் அறுந்துதான் ஆக வேண்டும். உருண்டைக் கட்டையின் தலையில் தெரியும் 'வி' வடிவ விரிசல் அந்த அறுந்த பெல்ட்தான். பட்டையில் ஆரம்பித்து நடுப்புள்ளி வரை போகும்.

சரி, இதில் உபயோகமான மரம் எவ்வளவு? ஒரு கணக்கு. 10 அங்குல விட்டம், 2 அடி நீளம் உள்ள கட்டை. இரண்டு தலையிலும் விரிசலுக்காக 3 அங்குலம் கழித்தால் மிச்சம் 18 அங்குலம். நடுப்புள்ளி ஓடுகிற பகுதி எப்போதும் வெடிக்கும். நடுவில் 2 அங்குலத்தைத் தள்ளிவிடுங்கள். இருபுறமும் மிஞ்சியதை 2 அங்குலச் சதுரச் சட்டங்களாக அறுத்தால் தாராளமாக எட்டுக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் 9 அங்குலத்தில் பதினாறு துண்டு. இது காகிதக் கணக்கு. கரையான், உளுத்த ஓரம், எதிர்பாராத விரிசல் என்று பாதி போனாலும் எட்டு உருப்படி நிச்சயம்.

அதே கட்டையில் கிண்ணம் போட்டால்? இரண்டு. விரிசல் குறுக்கே வந்தால் ஒன்று. துரதிர்ஷ்டம் என்றால் சைபர்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. விவரம் தெரிந்த கடைசல்காரர்கள் கிண்ணத்தைப் பச்சை மரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். ஈரமாக இருக்கும்போதே தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டு, அது கோணிக்கொண்ட பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்குவார்கள். பச்சை மரம் உளிக்கு வெள்ளரிக்காய் மாதிரி. காய்ந்த மரம் கொட்டைப்பாக்கு. ஆக, காய்ந்த பெரிய கட்டையில் முதல் முயற்சியாகக் கிண்ணம் என்பது, நீச்சல் கற்றுக்கொள்ளக் கிணற்றில் தண்ணீர் வற்றும்வரை காத்திருப்பதைப் போல!

காய்ந்த கட்டையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது வேண்டிய மட்டும் சுருங்கி முடித்துவிட்டது. இனி பெரிதாக வடிவம் மாறாது. எனவே எங்கெல்லாம் அளவு முக்கியமோ, ஒன்றுக்குள் ஒன்று பொருந்த வேண்டுமோ அங்கே அது ராஜா. கைப்பிடி, பம்பரம், பூரிக்கட்டை, மூடி போட்ட சிமிழ்.

ஒரு பூவரசும் நாலு பங்காளிகளும்

எங்கள் வீட்டுக் கட்டை பூவரசு. அப்பா போத்து நட்டு வளர்த்த மரம். அதன் இலையைச் சுருட்டித்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பீப்பீ ஊதினோம். அப்பா போய் மூன்று வருஷம் கழித்து வர்தாவில் மரமும் போனது. அடிமரத்தில் ஒரு துண்டை மட்டும் அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை.

சென்ற வருஷம் வீட்டை இடித்துக் கட்டும் பேச்சு வந்தபோது கட்டைப் பிரச்னையும் வந்தது. விறகுக்கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அக்கா திருச்சியிலிருந்து போன் போட்டு, "அப்பா மரம்டா. பழம் வைக்கப் பெரிய தாம்பாளம் மாதிரி ஒண்ணு செஞ்சு எனக்குக் குடு" என்றாள். பெங்களூர்த் தம்பி, "அப்ப எனக்கு?" என்றான். அவன் சும்மாதான் கேட்டான். ஆனால் அக்கா போனை வைத்த விதம் சும்மா இல்லை.

கட்டையை ஆட்டோவில் ஏற்றி, தாம்பரம் தாண்டி நான் வாராவாரம் போய்க் கற்றுக்கொள்ளும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் அறுபதைத் தாண்டியவர். கட்டில் காலும் ஊஞ்சல் சட்டமும் கடைந்தே இரண்டு பெண்களைக் கரையேற்றியவர். கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். துடைப்பக்குச்சி ஒன்றை எடுத்து விரிசலுக்குள் விட்டு ஆழம் பார்த்தார்.

"என்ன தம்பி போடணும்?"

"அக்கா பெரிய தாம்பாளம் கேக்கறாங்க ஐயா."

"போடலாம். இந்த விரிசல் குறுக்க வருது பாருங்க. ஓடும்போது தெறிச்சா உங்களுக்கு ஆஸ்பத்திரி, எனக்கு போலீஸ். தெறிக்காம நின்னா ஒரு வீட்டுக்கு ஒரு தாம்பாளம். கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?"

"மூணு பேர். அம்மா இருக்காங்க."

"அப்ப நாலு பங்கு. மரத்தை முழுசா வெச்சு ஒருத்தர்கிட்ட குடுத்தா மத்த மூணு பேருக்கும் மனசுல விரிசல். சின்னதா அறுத்துக் கடைஞ்சா எல்லார் வீட்டுலயும் உங்கப்பா இருப்பாரு."

கம்பெனி சட்டத்தில் சொத்துப் பிரிவினைக்கு நிறைய ஷரத்துகள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒன்றும் இல்லை.

அக்காவுக்குப் பூரிக்கட்டை. தம்பி பையனுக்குப் பம்பரம். எனக்கு ஓர் உளிப்பிடி. அம்மாவிடம், "உனக்கு ஒரு குங்குமச் சிமிழ்..." என்று தம்பி வாய்தவறி ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். அம்மா நிதானமாக, "விபூதி வெச்சுக்கறேன். மூடி மட்டும் நல்லா பொருந்தட்டும்" என்றாள்.

அந்த மூடிக்காக ஆறு மாதம் மாங்கட்டையில் பழகினேன். அப்பா மரத்தில் அதற்கப்புறம்தான் உளி வைத்தேன்.

படிப்படியாக ஐந்து

இனி வரிசை. இந்த வரிசைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் அடுத்ததற்கு வேண்டிய ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுக்கும்.

1. பம்பரம்: 2 அங்குல விட்டம், 3 அங்குல நீளம். கட்டையில் விரிசல் இல்லாத இடம் கொஞ்சமே இருந்தாலும் போதும். குட்டையானது என்பதால் லேத்தில் அதிராது. மரத்தின் நார் ஊதுபத்திக் கட்டு மாதிரி நீளவாக்கில் ஓடுகிறது. உளி பக்கவாட்டில் சீவுகிறது. கரும்பைச் சீவுகிற சுகம். முக்கியமான விஷயம், பம்பரம் பொய் சொல்லாது. சாட்டையைச் சுற்றி விட்டவுடன் உங்கள் வேலையின் மார்க் தெரிந்துவிடும். தூங்கினால் பாஸ், தலையாட்டினால் மறுபடியும் எழுதணும். மரம் கடினமாக இருப்பது இங்கே லாபம். எதிராளியின் ஆணி குத்தி ஆக்கர் விழாது. ஒரு எச்சரிக்கை: காய்ந்த கட்டையில் ஆணியை நேராக அடித்தால் பிளந்துவிடும். ஆணியைவிடச் சற்று சிறிய துளை போட்டுக்கொண்டு இறக்குங்கள்.

2. கைப்பிடி: அரம், உளி, திருப்புளி... வீட்டில் பிடி உடைந்த ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். 5 அல்லது 6 அங்குலம். அளவு ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை. கைக்கு இதமாக இருந்தால் சரி. வளைவிலிருந்து வளைவுக்கு உளியை வழுக்கி நகர்த்தப் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கே உளி போக வேண்டும். பள்ளத்திலிருந்து ஏறினால் நார் பிய்ந்து வரும்.

3. பூரிக்கட்டை: இந்தப் பத்திரிகையின் ஜோக் எழுத்தாளர்கள் பாதிப் பேருக்குச் சோறு போடும் ஆயுதம். கேலிக்கு அப்பால், இது கஷ்டமான பரீட்சை. 12 அங்குல நீளத்துக்கு ஒரே தடிமன் வர வேண்டும். பார்க்க லேசு; காலிப்பர் வைத்து அளந்தால் நடுவில் தொப்பை தெரியும். வேம்பு, மா, பூவரசு மூன்றும் தோது. வார்னிஷ் அடிக்காதீர்கள், மாவோடு வயிற்றுக்குப் போகும். நைசாக உப்புத்தாள் போட்டு அப்படியே விடலாம்.

4. மூடி போட்ட சிமிழ்: காய்ந்த மரத்தின் அசல் பெருமை இதில்தான். இரண்டரை அங்குலத்தில் ஒரு டப்பி, அதற்கு மூடி. இதற்கு மரத்தை ஒரு பக்கம் மட்டும் கவ்விப் பிடிக்கும் சக்கு வேண்டும். ஒரு ரகசியம்: எவ்வளவு காய்ந்த மரமானாலும் உள்ளே குடைந்தவுடன் லேசாக அசையும். அதனால் முதலில் உள்ளே தோராயமாகக் குடைந்து இரண்டு வாரம் அலமாரியில் வைத்துவிடுங்கள். பிறகு மூடிக்கு இறுதி அளவு எடுங்கள். மழைக்காலத்தில் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிச் சற்று உப்பும்; மூடியை ரொம்ப இறுக்கமாக வைத்தால் ஐப்பசியில் திறக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

5. கிண்ணம்: இப்போது வாருங்கள். அதுவும் 5, 6 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கிண்ணத்தில் நார் குறுக்காக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நாரின் வெட்டுமுகம் இரண்டு தடவை உளிமேல் வந்து மோதும். உளி கடித்துக்கொண்டால் கை உதறும். சட்டத்தை உருட்டப் பயன்படுத்திய பெரிய குழி உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. அதன் கழுத்து மெலிந்தது, ஒடிந்துவிடும். கிண்ணத்துக்கென்றே தனி உளி இருக்கிறது.

எப்போது காய்ந்தது என்பது?

பலகைக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம். முழுக் கட்டை, அதுவும் பட்டையோடு கிடந்தால் இன்னும் மெதுவாகத்தான் காயும். ஆகவே, "பத்து வருஷம் ஆச்சு ஸார்" என்ற சர்டிபிகேட்டை நம்பாதீர்கள். சட்டங்களாக அறுத்த பின், நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடைபோட்டு எழுதிவையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் இன்னும் போகிறது. மூன்று வாரம் தொடர்ந்து ஒரே எடை என்றால் நம் ஊர்க் காற்றுக்கு மரம் சமாதானமாகிவிட்டது. உப்புத்தாளையும் உளியையும் எடுக்கலாம்.

அடுத்த புயலுக்கு ஒரு குறிப்பு: மரம் விழுந்த அன்றே கட்டையைப் பிளந்து, வெட்டுமுகங்களில் மெழுகோ பழைய பெயின்ட்டோ தடவிவிடுங்கள். தண்ணீர் வெட்டுமுகத்தின் வழியாகத்தான் அவசரமாக ஓடும். அந்தக் கதவை அடைத்தால் விரிசல் பாதிக்குப் பாதி மிச்சம்.

ஐடி கார்டைக் கழற்றுங்கள்

என்னோடு பட்டறைக்கு வந்த வங்கி நண்பர் ஒருவர். மூன்றாவது வாரமே ரகசியமாகச் சொந்த லேத் வாங்கி, விரிசல் விழுந்த புளியங்கட்டையில் 10 அங்குலக் கிண்ணத்துக்கு அடி போட்டார். கட்டை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி டியூப்லைட்டை எடுத்தது. மறு பாதி அவர் காதோரமாகப் போய்ச் சுவரில் அடையாளம் வைத்தது. காது தப்பியது பூர்வ புண்ணியம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லேத் நிமிஷத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது. 2 அங்குலக் கட்டையின் ஓரம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும், சைக்கிள். அதே சுற்றில் 10 அங்குலக் கட்டையின் ஓரம் சுமார் 48 கிலோமீட்டர். பைபாஸில் போகும் பஸ். எடையோ மூன்று கிலோவுக்கு மேல். கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: அங்குல விட்டத்தையும் நிமிஷச் சுற்றையும் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் வர வேண்டும். அது பழகியவர்களுக்கு. கட்டை உருண்டையாகும் வரை அதிலும் கீழேயே ஓட்டுங்கள்.

மற்றபடி சட்டதிட்டங்கள் சுலபம். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, செயின், மோதிரம், தொளதொள சட்டைக்கை, வேட்டி, லுங்கி எதுவும் லேத் பக்கம் வரக்கூடாது. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். சுழலும் மரம் அதைப் பிடித்தால் விரலோடு இழுத்துக்கொள்ளும். கூலிங்கிளாஸ் போதாது, முகம் முழுவதும் மறைக்கிற கவசம் வேண்டும். மூக்குக்கு மாஸ்க். உளியை வைக்கும் தாங்கியை மரத்துக்கு நெருக்கமாக வைத்து, ஸ்விட்ச் போடுமுன் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லையே என்று பாருங்கள். ஸ்விட்ச் போடும் விநாடியில் மரத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். விரிசல் ஓடுகிற துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் லேத்தில் ஏற வேண்டாம்.

நிறம் வேண்டுமென்றால் பெயின்ட் கடைக்கு ஓடாதீர்கள். சன்னபட்டணாவிலும் எட்டிகொப்பாகாவிலும் செய்வது போல, சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துங்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். அதன்மேல் தாழை மடலை வைத்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு. பம்பரத்தில் மூன்று கலர் வளையம் போடலாம். சுற்றும்போது மூன்றும் ஒன்றாகிவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே லேத் வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு ரம்பமும் ஒரு துடைப்பக்குச்சியும் போதும். கட்டையை வெளிச்சத்துக்கு உருட்டுங்கள். தலையில் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டு, விரிசலில் குச்சியை விட்டுப் பாருங்கள். இன்னும் உள்ளே போகிறதா? இன்னும் இரண்டு அங்குலம். குச்சி நுழையாத, கூந்தல் கோடுகூட இல்லாத ஒரு முகம் தெரியும்வரை அறுங்கள். அங்கே மூன்று அங்குலம் சுத்தமாகக் கிடைத்தால் அந்தக் கட்டை அடுப்பிலிருந்து தப்பித்தது. ஒரு பம்பரத்துக்கு இடமிருக்கிறது.

முதல் பம்பரம் கட்டாயம் தலையாட்டும். ஆட்டட்டும். திங்கள் முதல் வெள்ளி வரை நாம் ஆட்டாததா?